துக்க வீட்டுப் பெண்களும் நடக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனத்துயரில் இருப்பவர்கள் மரம் செடிகளுக்கிடையே நடப்பது நல்லது என்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அவ்வப்போது எழுதுகிறீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கணவரை இழந்த பெண், அந்த நடை மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் வாசற்படியைத் தாண்ட விடாமல் வைக்கப்படுகிறாள் என்பதை அக்குறிப்புகள் பேசுவதேயில்லை.

என் கணவர் நீண்ட நாள் நோயுற்று மறைந்தார். கருமாதி முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, அவர் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தபடியே பொழுதைக் கழித்த என்னை, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைக்கு விடியற்காலையில் அழைத்துச் சென்றவர் என் நாத்தனார். துக்கம் நடந்த வீட்டார் ஓராண்டுக்கு மலையேறக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். கோயில் மலைகளுக்கென்று ஏற்பட்ட வழக்கம் அது. அடிவாரத்தில் அய்யனார் கோயில் இருப்பதால் இங்கும் பொருந்தும் என்றார்கள். கோயிலுக்குள் போகமாட்டோம், குளக்கரையில் மட்டும்தான் நடப்போம் என்று நாத்தனார் எனக்காக வாதாடினார். (வாதாடுவதில் அவரை வெல்ல எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை.)

தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் சுற்றி வந்த தொடக்க வாரங்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு, பாறையில் வெட்டிய படிகளில் ஏறத் தொடங்கியபோது, மூச்சும் அடுத்த படியும் மட்டுமே கருத்தில் நின்றன. இன்னும் முன்பே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாமோ என்று இரவெல்லாம் குடைந்த கேள்வி அந்த நேரத்துக்கு விலகியது. மேலே பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் சமணர்கள் வணங்கும் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி ஆகியோரின் சிற்பங்களும், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களைத் தாங்கிய வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பெயர்களின் அருகே உட்கார்ந்திருப்பது எனக்கு ஏன் ஆறுதலாக இருந்தது என்று விளக்கத் தெரியவில்லை, இருந்தது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் அன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஒப்பிட்டு ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. நடை மருத்துவத்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. உறக்கமே வராத நாட்களில் மருத்துவரிடமும் சென்றேன். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நாங்கள் இருவராகச் சென்றதால் அச்சமின்றி நடந்தோம். துணைக்கு ஆளில்லாத பெண்ணுக்கு, மதுரையைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகளே திரும்பிப் போகச் சொல்லும். இத்தகைய இடங்களில் பெண்களுக்கான கழிப்பறையும் காலை நேரக் காவலர் ரோந்தும் ஏற்பட மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். தாங்களும் அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, துயரப்படுபவருக்கு மட்டுமன்றி, அவரை வீட்டுக்குள் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.