ஆண்டு மலர்க் குழுவுக்கு: நடுவில் இருந்த பவானியைக் காணோம்

மலர்க் குழுவில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

வணக்கமுங்க. நம் பவானி ஊர்க் கராத்தே கிளப்பின் வரலாறு என்று நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தையும் படித்தேன். முதல் பக்கம் முழுக்கப் போதிதர்மர். இரண்டாவதில் பதிவுச் சான்றிதழும் பெயர்ப்பலகைத் திறப்பும். மீதி இரண்டும் பதக்கப் படங்கள். நடுவில் இருந்த பவானியைக் காணோம்.

போதிதர்மரை எடுத்துவிடுங்கள் என்றால் சிலருக்குக் கோபம் வரும். காஞ்சிபுரத்திலிருந்து போனார், சீனாவில் சொல்லிக்கொடுத்தார், அதுதான் கராத்தே ஆயிற்று என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கர்ணபரம்பரைக் கதை. நாம் செய்யும் கட்டா, அதாவது வரிசைப்படி தனியாகச் செய்துகாட்டும் அடவுத் தொகுப்பு, ஜப்பானின் ஒகினாவாத் தீவிலிருந்து வந்தது. ஊர்க்காரர்களின் கைச்சண்டையும் சீனத்துக் குத்துவரிசையும் அங்கே கலந்து வளர்ந்தன. நம் பொடிசுகள் செய்யும் ஐந்து ஹெய்யான் கட்டாக்களும், 1900களின் தொடக்கத்தில் அங்கோ இட்டோசு பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிதாக்கிக் கொடுத்தவை. அவரிடம் படித்த கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோவுக்குப் போய்ச் செய்துகாட்டினார். கராத்தே என்பதைச் 'சீனக் கை' என்று எழுதிவந்தது மாறி, 'வெறுங்கை' என்று எழுதுவது நிலைத்ததே 1930களில்தான். அந்தப் பெயர் நிலைத்தே நூறு வருஷம் ஆகவில்லை, நாம் எதற்குங்க ஆயிரத்தைந்நூறு வருஷம் பின்னால் போகவேண்டும்?

சரி, நம் ஊருக்கு வருவோம். எண்பதுகளில் 'கிளப்' என்று யாரும் சொன்னதில்லை, 'மாஸ்டர் கிளாஸ்' என்றுதான் சொல்வோம். புரூஸ் லீ படம் ஒட்டாத சலூன் கிடையாது. வந்தவர்களில் பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பையன்கள். தறி ஓட்டுவதற்கு முன்னால், விடிகாலையில், கூடுதுறைக்குக் கொஞ்சம் தள்ளிக் காவிரி மணலில் பயிற்சி. ஆடியில் தண்ணீர் ஏறிவிட்டால் ஒரு மண்டபத்துத் திண்ணைக்கு மாறுவோம். விழுந்து பழக மேட் ஏது? நெசவில் ஓரம் கோணிப்போய் விற்காமல் கிடந்த ஜமக்காளம் ஒன்றை ஒரு பையன் தூக்கிவந்தான். அதன் சிவப்புப் பட்டைதான் எல்லைக்கோடு. தாண்டினால் அவுட்.

உடுப்பு, காடாத் துணி வாங்கி டெய்லரிடம் தைத்தது. உதைத்தால் காலிடுக்கில் டர்ரென்று கிழியும். கறுப்பு பெல்ட்டைச் சாயப்பட்டறையில் வேலைபார்த்த அண்ணன் ஒருவர் முக்கிக் கொடுத்தார். மாஸ்டர் அதைக் கட்டி அரைமணி நேரம் ஆடினால் வியர்வையில் சாயம் இறங்கி, இடுப்பைச் சுற்றிக் கறுப்பாகிவிடும். கடைசிவரை அவர் வேறு பெல்ட் வாங்கவில்லை. எங்களுக்கு வெள்ளை, பச்சை, பிரவுன், கறுப்பு, அவ்வளவுதான். இன்றைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பீஸ். பெல்ட்டே ஜூடோவிலிருந்து ஃபுனாகோஷி எடுத்துக்கொண்டதுதான் என்பதைப் பெற்றோர்களுக்கும் ஒரு வரி சொல்லிவையுங்கள்.

முதலில் வந்த பெண்பிள்ளையையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். சுடிதாரில் வந்தாள். அவள் அப்பா எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் அவளுடைய தங்கச்சியையும் கூட்டிவந்து விட்டார். இப்போது அரசுப் பள்ளிகளிலேயே மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி நடக்கிறது. அதற்கெல்லாம் எத்தனையோ வருஷம் முன்னால் அந்த மனுஷன் தானாக எடுத்த முடிவு அது.

பதக்கப் படங்களைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கம் போதும். ஒலிம்பிக்கே கராத்தேயை 2021இல் டோக்கியோவில் சேர்த்தது, 2024இல் பாரிஸில் விட்டுவிட்டது. பிள்ளைகள் அதற்காகவா ஆட்டத்தை நிறுத்தினார்கள்?

அப்புறம், பிரிவு. எந்தச் சங்கத்தில் சேர்வது என்ற தகராறில் பாதிப் பேர் குமாரபாளையம் போய்த் தனியாக ஆரம்பித்தார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்குக் கத்தியவர்களில் நானும் ஒருவன், அதையும் போட்டுக்கொள்ளுங்கள். மலர் வெளியீட்டுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். ஜமக்காளத்தை ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டோம். ஒரு பாதி என் வீட்டுப் பரணில் இருக்கிறது, இன்னொன்று அவர்களிடம்.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்