என் தம்பியின் காலைக் காத்தவர்களுக்கு

அன்புடையீர்,

என் தம்பி இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, அதை மூடியிருந்த தோலும் சதையும் கிழிந்துபோன கால் அது. எடுத்துவிடுவார்கள் என்றுதான் உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். எடுக்காமல் காத்தவர்கள் பலர். பெயர் சொல்வதை உங்களில் சிலர் விரும்பவில்லை. ஆகவே எவர் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன்.

எலும்பு மருத்துவர் ஐயா, காயத்தைக் கழுவி, வெளியே கம்பி பொருத்திய கையோடு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரையும் அழைத்தீர்கள். எதற்கு என்று அம்மா கேட்டபோது தாளில் படம் வரைந்து காட்டினீர்கள். முழங்காலுக்குக் கீழே, மேல்பகுதியில் எலும்பு வெளியே தெரிந்தால் கெண்டைச் சதையைத் திருப்பி மூடலாம். கணுக்கால் பக்கம் அப்படித் திருப்பச் சதை இல்லை. வெறும் எலும்பின்மேல் தோலை ஒட்டினால் பிடிக்காது. மூடாமல் விட்டால் எலும்பு காய்ந்து சீழ் பிடிக்கும். தொடையிலிருந்துதான் சதை வர வேண்டும், அதுவும் சீக்கிரம் வர வேண்டும் என்றீர்கள்.

அந்தச் 'சீக்கிரம்' எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். இன்றைய ஸ்லோவேனியா நாட்டின் லியூப்லியானா நகரைச் சேர்ந்த மார்கோ கோடினா என்ற அறுவை மருத்துவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, இத்தகைய காயங்களை முதல் 72 மணி நேரத்துக்குள் மூடுவதே நல்லது என்று காட்டினார். 1986இல் அந்தக் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு அவர் சாலை விபத்தில் இறந்துபோனார். அவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் அம்மா, உங்களுக்கும் உங்கள் குழுவுக்கும் எப்படி நன்றி சொல்வேன்! உள்தொடையில் கிராசிலிஸ் என்றொரு நீண்டு மெலிந்த தசை இருக்கிறது. அதன் வேலையைப் பக்கத்துத் தசைகள் பார்த்துக்கொள்ளும் என்பதால், எடுத்தாலும் நடைக்குப் பெரிய குறை வராது. அதைத் தமனியோடும் சிரையோடும் பிரித்தெடுத்து, காயத்தின்மேல் பரப்பி, நுண்ணோக்கி வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் காலின் இரத்தக்குழாய்களோடு தைத்தீர்கள். சில மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத குழாய்கள்! அத்தனை மணி நேரமும் இரத்த அழுத்தம் இறங்காமல், உடல் குளிராமல் காத்த மயக்க மருத்துவரைப் பாராட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. நான் பாராட்டுகிறேன்.

இரவுப் பணி சிஸ்டர், இந்த மடலை எழுதத் தொடங்கியதே உங்களுக்காகத்தான். ஒட்டவைத்த தசை பிழைக்குமா என்பது அறுவை அரங்கில் முடிந்துபோகும் விஷயம் இல்லை. அடுத்த சில இரவுகளில்தான் தெரியும். மணிக்கொரு முறை இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டீர்கள், நிறம் பார்த்தீர்கள். வெளுத்தால் தமனியில் அடைப்பு, கறுத்து வீங்கினால் சிரையில் அடைப்பு என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள். இரண்டாம் இரவு விடிவதற்கு முன் தசை லேசாகக் கருநீலமாவதைக் கண்டு, காலை ரவுண்ட்ஸ் வரை காத்திராமல் மருத்துவரை எழுப்பினீர்கள். உடனே அரங்குக்குக் கொண்டுபோய், சிரையில் உறைந்திருந்த இரத்தத்தை அகற்றி, மீண்டும் தைத்தார்கள். தாமதித்திருந்தால் அந்தத் தசை செத்திருக்கும். பெரிய அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் படம்தான் செய்தித்தாளில் வரும்; உங்கள் கண்ணும் அந்த விழிப்பும் அதற்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. அப்போது ஓடிவந்து ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஊழியர் அண்ணனுக்கும் நன்றி.

இரத்தம் கொடுத்த கல்லூரி மாணவர்களே, நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அறைப் பக்கம் பீடி, சிகரெட் புகை வரக்கூடாது, நிகோடின் குழாயைச் சுருக்கிவிடும் என்று சொன்னதும் வராந்தாவிலேயே புகைப்பதை நிறுத்திக்கொண்ட பக்கத்துப் படுக்கைக்காரர்களின் உறவினர்களே, அதுவும் சின்ன உதவி இல்லை. தசைமேல் தோல் ஒட்டுப் பிடித்தபின், காலைச் சில நிமிடங்கள் மட்டும் தொங்கவிடச் சொல்லி, நாளுக்கு நாள் அதைக் கூட்டி, கடைசியில் அடியெடுத்து வைக்கச் செய்த பிசியோதெரபிஸ்ட் தம்பி, அவன் கோபத்தை எல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். விபத்து நடந்த இடத்தில் லாரியை நிறுத்தி, துண்டால் காலைக் கட்டி, 108க்கு அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை என் தம்பியின் தலையை மடியில் தாங்கியிருந்த ஓட்டுநர் அண்ணா, உங்கள் ஊர்கூட எங்களுக்குத் தெரியாது. திருச்சி–மதுரை சாலையில் விராலிமலை வழியாகத் திரும்பவும் வந்தால், சைக்கிள் கடைக்காரர் வீடு எது என்று கேளுங்கள். யாரும் காட்டுவார்கள். அம்மா உங்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்கிறார்.

நன்றியுடன்,
அவன் அக்கா