அடக்கி வாசிக்கும் குடல்

அன்புள்ள பாப்பா,

காடல் என்ற மரபணுவை அடக்கிய பழ ஈக்களில் நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடு எக்கச்சக்கமாகச் சுரந்தும் குடல் செல்கள் சாகின்றனவே என்று எழுதியிருந்தாய். அதிகமாகச் சுரப்பதால்தான் சாகின்றன.

குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் அசிட்டோபாக்டர், லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியா இரண்டின் செல்சுவரிலும் டிஏபி என்ற அமினோ அமிலம் கொண்ட பெப்டிடோகிளைக்கான் (அந்தச் சுவரைக் கட்டும் பொருள்) உண்டு. எர்வினியா போன்ற நோய்க்கிருமியிலும் அதேதான். அதை உணரும் பிஜிஆர்பி-எல்சி ஏற்பிக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அந்த ஏற்பி தூண்டி, பெப்டைடைச் சுரக்கவைக்கும் ஐஎம்டி என்ற சமிக்ஞை வழிக்கு இத்தனை கடிவாளம். பிஜிஆர்பி-எல்பி என்ற நொதி அந்தப் பெப்டிடோகிளைக்கானை வெட்டிப் போடும். பிர்க் என்ற புரதம் ஏற்பியைச் செல்பரப்பிலிருந்து அகற்றும். இவற்றைத் தாண்டி, மரபணுக்களை இயக்கும் ரெலிஷ் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்தாலும், பின் நடுக்குடலில் காடல் பெப்டைடு மரபணுக்களை எழும்ப விடாது.

காடல் போனால் என்ன ஆகும் என்று 2008இல் கொரியாவின் வோன்-ஜே லீ குழு காட்டியது. பெப்டைடு வெள்ளத்தில் அசிட்டோபாக்டர் பொமோரம் தேய்ந்துபோக, அதுவரை ஓரமாய்க் கிடந்த குளுக்கோனோபாக்டர் பெருகிவிட்டது. அது யுராசில் என்ற சிறு மூலக்கூறை வெளிவிடும் ரகம். யுராசில் பட்டதும் குடல் செல்லின் டுவாக்ஸ் நொதி ஆக்சிஜன் நச்சுகளைக் கக்கும். அது ஓயாமல் நடந்தால் சொந்தச் செல்லே தாங்காது.

இதை உன் ஈக்களில் சோதிக்க அவற்றை எந்தப் பாக்டீரியாவும் இல்லாமல், கிருமியற்றதாக வளர்த்து, செல்கள் பிழைக்கின்றனவா என்று பார். புதிதாக இட்ட முட்டைகளை ஏறக்குறைய 3 சதவீத ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச்) 2, 3 நிமிடம் வை. முட்டையின் முன்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளும் மறைந்தால் மேலோடு கழன்றுவிட்டது. அதற்குமேல் விட்டால் கரு செத்துப்போகும். 70 சதவீத எத்தனாலில் ஒருமுறை, கிருமிநீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசு. ப்ளீச் கரைசலை அன்றன்றைக்குக் கலக்கு, பழசுக்கு வீரியம் இருக்காது.

வளர்ந்தவை உண்மையிலேயே கிருமியற்றவையா என்று பார்க்க, ஐந்தாறு ஈக்களை எத்தனாலில் கழுவி அரைத்து, பாக்டீரியா வளர்க்கும் எம்ஆர்எஸ் அகார், மானிட்டால் அகார் தட்டுகளில் பூசி, 30 டிகிரியில் இரண்டு நாள் வை. டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரை மட்டும் நம்பாதே: வோல்பேக்கியா என்ற பாக்டீரியா முட்டைக்குள்ளேயே இருப்பதால் ப்ளீச்சுக்குத் தப்பி பாக்டீரியாவுக்குரிய 16எஸ் மரபணுவின் பட்டையைக் காட்டும், தட்டில் முளைக்காது. இதில் ஏமாறாத ஆய்வகம் குறைவு.

ஒப்பிட வைத்திருக்கும் கன்ட்ரோல் ஈக்களுக்கும் அதே சமையல் உணவு, அதே நாளில் குப்பி மாற்றம். அடிக்கடி மாற்றினாலோ, உணவு பூசணம் பிடிக்காமல் சேர்க்கும் நிப்பாஜின் கூடினாலோ குடல் பாக்டீரியா குறைந்து ஒப்பீடு கெடும். ஈஸ்ட் குறைந்த உணவில் கிருமியற்ற புழுக்கள் மெதுவாக வளரும். முட்டை இட்ட தேதியை விட்டுவிட்டு, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த நாளை வைத்து வயதை ஒப்பிடு.

தட்டுகளின் எண்ணிக்கை வந்ததும் அனுப்பு.

அப்பா