அக்காவுக்கு: நீ எழுந்து போன பிறகு நடந்தது

அக்கா,

கம்போடியாவுக்கு, சியாம் ரீப்புக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது என்று பாப்பு சொல்லித்தான் தெரிந்தது. நீயே சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும். அவளை அங்கே இருக்கிற 'பாரே' என்ற சர்க்கஸுக்கும் கூட்டிப் போகப்போகிறாய் என்று கேட்டதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, வைக்கிறேன்" என்பாய். இங்கே எழுதினால் நாலு பேர் படிக்கிறார்கள் என்பதற்காகவாவது கடைசிவரை படிப்பாய். அந்த நாலு பேருக்காகவே சிலவற்றை விட்டுவிடுகிறேன். முன்பு நாம் இருவரும் அதே சர்க்கஸைப் பார்க்கப் போன அன்று நீ ஏன் பாதியில் எழுந்து வெளியே போனாய் என்பது அதில் ஒன்று. மாடிப்படி விஷயம் நம் வீட்டோடு இருக்கட்டும்.

நீ பார்க்காததை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பையன் இரண்டாவது முறை விழுந்ததும் நீ எழுந்துவிட்டாய். முதல் முறை ஏன் விழுந்தான், இரண்டாவது முறை ஏன் விழுந்தான் என்பது இரண்டு தனிக் கதைகள். உனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்: உயரத்திலிருந்து ஓர் உடம்பு கீழே வருகிறது, அவ்வளவுதான்.

அவனை மேலே எறிந்த அந்தப் பலகைக்கு டீட்டர்போர்டு என்று பெயர். பூங்காவில் இருக்கிற சீசா மாதிரிதான், வளையும் மரம், நடுவில் அச்சு, இரண்டு நுனியிலும் மெத்தை. தாழ்ந்த நுனியில் பறப்பவன் நிற்பான். உயர்ந்த நுனியில் ஒருவரோ இருவரோ வந்து குதிப்பார்கள். குதிப்பவரின் இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் நுனியிலேயே விழ வேண்டும். ஒரு சாண் உள்ளே தள்ளி விழுந்தால் நெம்புகோலின் நீளம் குறைந்துவிடும், பறப்பவனுக்கு உயரம் கிடைக்காது. ஒரு பக்கமாக விழுந்தால் பலகை முறுக்கிக்கொள்ளும், அவன் நேராகப் போகாமல் சாய்ந்து போவான். இருவர் குதிக்கும்போது ஒருவர் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் ஒரு பெரிய உந்தலுக்குப் பதில் இரண்டு சின்ன உந்தல்கள்தான் கிடைக்கும். முதல் முறை நடந்தது இதுதான். இருவரில் ஒருவர் பிந்திவிட்டார். பையன் மேல் தவறே கிடையாது.

இரண்டாவது முறை தவறு அவனுடையது. பறப்பவன் முழங்காலை மடக்காமல், வயிற்றை இறுக்கி, உடம்பை ஒரு கம்பாக வைத்துக்கொள்ள வேண்டும். பலகை உதைக்கும் அந்த நொடியில் முழங்கால் துளி இளகினாலும் வந்த விசையில் பாதியைத் தொடையே தின்றுவிடும். ஒரு தடவை விழுந்தவனுக்கு முழங்கால் தானாகவே இளகும், பயத்தில். அதனால் இரண்டாவது முயற்சி முதலாவதைவிட மோசமாகப் போவதுண்டு. அந்த இடத்தில்தான் நீ கைப்பையை எடுத்தாய்.

இன்னொன்றையும் நீ கவனித்திருக்க மாட்டாய். சுற்றி நின்ற நாலு பேர் அவனைக் கையில் ஏந்த முயலவே இல்லை. அது அவர்கள் வேலை இல்லை. விழுகிற உடம்பின் தோளிலோ இடுப்பிலோ தள்ளி, அது காலில் இறங்கும்படி திருப்பிவிடுவதுதான் வேலை. ஏந்தப் போனால் இரண்டு பேருக்கும் கை முறியும். அவன் விழுந்த இரண்டு முறையும் அந்தக் கைகள் சரியான இடத்தில் இருந்தன. அவன் கால் முதலில் பட, உருண்டு எழுந்தான். அவர்கள் தினமும் விழவும் பயிற்சி எடுக்கிறவர்கள்.

மூன்றாவது முறைக்கு அவன் மீண்டும் பலகை ஏறியபோது தாளம் நிற்கவில்லை. பதிவு செய்த பாட்டாக இருந்திருந்தால் அந்த வித்தை அங்கேயே போயிருக்கும், பாட்டு அடுத்த காட்சிக்கு ஓடியிருக்கும். மேடையோரத்தில் ஆட்கள் உட்கார்ந்து வாசிப்பதால் மேளக்காரர் அந்த உருட்டலை அவனுக்காக நீட்டிக்கொண்டே இருந்தார், அவன் மூச்சு சீராகும்வரை. குதிப்பவர்கள் இருவரும் ஒரு சத்தம் கொடுத்துச் சேர்ந்து இறங்கினார்கள். அவன் மேலே போனான், ஒரு சுற்று சுற்றினான், ஒருவர் தோளில் ஒருவராக நின்றிருந்த இருவருக்கும் மேலே மூன்றாவது ஆளாகப் போய் நின்றான். நடுவில் இருந்தவர் உடனே அவன் கெண்டைக்காலைப் பிடித்துத் தன் தோளுக்குள் இழுத்து அழுத்தினார். அடியில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தலைக்கு மேல் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாதத்தாலேயே உணர்ந்து, சாய்ந்த பக்கமாக அரை அடி நகர்ந்தார். கோபுரம் நின்றது.

கூடாரமே எழுந்து கத்தியது. உனக்கு வெளியே கேட்டிருக்கும்.

நான் ஏன் உன் பின்னாலேயே வரவில்லை என்று நீ இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அடுத்த மூச்சில், மூன்றாவது முறையும் தவறினால் வழக்கமாக அந்த வித்தையை எளிதாக்கி முடித்துவிடுவார்கள், அதனால் அந்த ஒரு நிமிடத்தை விட முடியவில்லை என்றும் சொல்லியிருப்பேன். நீ வெளியே தனியாக நிற்கிறாய் என்று தெரியும். கடைப் பக்கம் வெளிச்சம் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள் என்பதும் தெரியும். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

ஆனால் ஊருக்கு வந்து நீ சொன்னது இருக்கிறதே! "பாவம், பிழைப்புக்காக உயிரைப் பணயம் வைக்கிறாங்க." வந்தவர் போனவர் எல்லாரிடமும் அதே வரி. எனக்கு எரிச்சலாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. பாப்புவிடமும் அதையே சொல்லி அழைத்துப் போய்விடாதே.

மேடையில் நிற்பவர்கள் யாரும் குழந்தைகள் இல்லை. பாட்டம்பாங் என்ற ஊரில் இருக்கிற சர்க்கஸ் பள்ளியில் பல வருடம் பயின்று முடித்து, சம்பளத்துக்கு வேலை செய்யும் கலைஞர்கள். அடிபடாது என்று சொல்லவில்லை. கணுக்கால் போகும், முழங்கால் தசைநார் அறும், தோள் கழலும். விளையாட்டு வீரருக்கும் இதெல்லாம் நடக்கும், அவரைப் பார்த்து யாரும் பாவம் என்பதில்லை. பள்ளியின் வரலாறும் உனக்குத் தெரிந்ததுதான், தாய்லாந்து எல்லையில் இருந்த சைட் டூ அகதி முகாம், அங்கே படம் வரையக் கற்றுக்கொடுத்த பிரெஞ்சுப் பெண்மணி வெரோனிக் டெக்ரோப், ஊர் திரும்பிய ஒன்பது இளைஞர்கள் 1994இல் தொடங்கிய பாரே பொன்லூ செல்பாக் என்ற இந்தக் கலைப்பள்ளி. உன் நினைப்பு அந்த முகாமிலேயே நின்றுவிட்டது. 1998இல் சர்க்கஸ் வகுப்பு வந்தது, 2013இல் சியாம் ரீப்பில் கூடாரம் வந்தது, அந்த வருமானம் பள்ளிக்கும் போகிறது. நிறுவனர்களில் ஒருவரான ஓவியர் ஸ்ரே பன்டோல் 2021இல் கொரோனாவில் இறந்தார். அதே ஆண்டில், வெளியூர்க்காரர் யாரும் வராத காலத்தில், 24 மணி நேரத்தையும் தாண்டி இடைவிடாமல் ஒரு சர்க்கஸ் நடத்தி உலக சாதனை செய்தார்கள். இவர்களைப் பார்த்தா பாவம்?

சரி. திட்டியது போதும், வேலையைப் பார்ப்போம்.

விமானம் முதலில். 2023 அக்டோபரில் விமான நிலையத்தை மாற்றிவிட்டார்கள். பழையது ஊருக்குப் பக்கத்தில் இருந்தது, புதியது சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி. ஊருக்குள் வர ஒரு மணி நேரம் ஆகும். மாலை ஐந்துக்கு இறங்கி எட்டு மணிக்குக் காட்சி பார்க்கலாம் என்று திட்டம் போடாதே. அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்க்கிற நாளிலும் வேண்டாம். விடியற்காலை நாலரைக்கு எழுந்த பிள்ளை காட்சி பாதியில் தூங்கிவிடும், கடைசிக் கால் மணிதான் வித்தையில் உச்சம்.

டிக்கெட்டில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. பருவத்துக்குப் பருவம் விலை மாறும், அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள். சின்னப் பிள்ளைகளுக்கு விலை குறைவு, பாப்புவின் வயதைச் சரியாகப் போடு. பி, சி பிரிவுகளில் முன்னால் வந்தவர்களுக்கே நல்ல இடம் என்பதால் அரை மணி முன்னாடியே போய்விடு. உனக்கு நடுப்பகுதி பி போதும். முதல் வரிசை வேண்டவே வேண்டாம். அங்கிருந்து பார்த்தால் பறப்பவனின் அடிப்பாதம்தான் தெரியும், வளைவு தெரியாது. எப்போது விழுவானோ என்ற பயமும் அதனால் கூடும். பத்தடி பின்னால் உயரத்தில் உட்கார்ந்தால் புறப்பாடு, உச்சி, இறக்கம் மூன்றும் ஒரே கோட்டில் தெரியும், தவறு எங்கே தொடங்கியது என்பதும் புரியும். புரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும். இதை உனக்காகச் சொல்கிறேன், பாப்பு பயப்படுகிறவள் இல்லை.

ஓர இருக்கையாகப் பார்த்து உட்கார். எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் போ, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பாப்புவை மட்டும் இழுத்துக்கொண்டு போகாதே.

எந்தக் காட்சி என்பதில் கவனம். நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் கதை மாறும். 'சொக்கா' என்ற காட்சி கெமர் ரூஜ் காலத்தின் (1970களில் நடந்த கொடுங்கோல் ஆட்சி) நினைவுகளோடு வாழும் ஒரு பெண்ணைப் பற்றியது. நல்ல காட்சி, ஆனால் முதல் பாதி கனமானது, பாப்பு கேள்வி கேட்டுக் குடைவாள். வெளிநாட்டுப் பயணிகளும் உள்ளூர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் திணறும் 'சேம் சேம் பட் டிஃபரன்ட்' அவளுக்குப் பிடிக்கும். 'ஒயிட் கோல்டு' நெல்லைப் பற்றியது. பேச்சு எதிலும் குறைவு. யானையும் சிங்கமும் கிடையாது என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடு, அங்கே வந்து முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது. சில காட்சிகளில் மேடையிலேயே ஒருவர் ஓவியம் தீட்டுவார். என்ன வரைகிறார் என்பது கடைசியில்தான் பிடிபடும். அவரைப் பார்த்துக்கொண்டிரு, வித்தை பார்க்க முடியாத நேரத்தில் கண்ணை வைக்க அது நல்ல இடம்.

ஃபிளாஷ் போடாதே. மூன்றாவது ஆளாகப் போய் நிற்பவன் கண்ணில் வெளிச்சம் அடித்தால் சமநிலை போய்விடும், உயிரோடு விளையாடுவது அதுதான். முடிந்ததும் கலைஞர்கள் பார்வையாளர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அப்போது எடுத்துக்கொள். மே முதல் அக்டோபர்வரை மழைக்காலம். கூடாரத்தின் மேல் மழை அடித்தால் இசை சரியாகக் கேட்காது, உள்ளே புழுக்கமும் கூடும். வியர்த்த கை வழுக்கும் என்பதால் அந்த நாட்களில் அவர்கள் வெள்ளைப் பொடியைக் கையில் அப்பிக்கொண்டே இருப்பார்கள். பருத்தி உடுத்திப் போ.

அங்கோரில் இருக்கிற பயோன் கோயிலுக்குப் போகும்போது முகக் கோபுரங்களை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவராதே. வெளிச் சுற்றின் வடபக்கத்தில், மேற்கு ஓரமாகப் புடைப்புச் சிற்பத்தில் ஒரு சர்க்கஸே நடக்கிறது. மல்லாந்து படுத்துக் காலால் சக்கரம் சுழற்றும் ஒருவன், மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒருவன், கயிற்றில் நடப்பவர்கள். கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் காலத்து வேலை, 800 வருடம் இருக்கும். பகலில் இதைக் காட்டி இரவில் கூடாரத்துக்குக் கூட்டிப்போனால் பாப்புவுக்கு நான் சொல்லித்தர வேண்டியது ஒன்றும் இல்லை.

நாள் மிச்சமிருந்தால் பாட்டம்பாங் போ. பஸ்ஸில் மூன்று நான்கு மணி நேரம். அங்கே தினமும் காட்சி இருக்காது, நாள் பார்த்துப் போக வேண்டும். சியாம் ரீப்பின் பளபளப்பு அங்கே கிடையாது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பள்ளியைச் சுற்றிக் காட்ட அவர்களே ஆள் வைத்திருக்கிறார்கள், அவர்களோடு போ. பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு மிட்டாயும் நூறு ரூபாயும் நீட்டிப் படம் எடுக்கிற வேலை வேண்டாம். நீ அப்படிச் செய்வாய் என்று சொல்லவில்லை. உன்னோடு வருகிறவரைத்தான் சொல்கிறேன், யார் என்று உனக்குத் தெரியும்.

டாலர் மாற்றும்போது ஒவ்வொரு நோட்டையும் விரித்துப் பார். ஓரத்தில் ஒரு கீறல் இருந்தாலும் அங்கே டுக்-டுக் ஓட்டுபவர்கூட வாங்க மாட்டார். ஒன்றும் ஐந்துமாகச் சில்லறை நிறைய வைத்துக்கொள். ஒரு டாலருக்குக் கீழே மிச்சம் அவர்கள் பணமான ரியலில்தான் வரும், 4,000 ரியல் ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக இருக்கும். காட்சி முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், வண்டிக்கு அடிதடி. போகிற டுக்-டுக்காரரிடமே ஒன்பதே காலுக்கு வரச் சொல்லிவிடு, திரும்பி வந்து இறங்கியதும் மொத்தமாகக் கொடு.

இதற்குக் கீழே பதில் எதுவும் எழுதாதே. போன் பண்ணு, பாப்பு தூங்கின பிறகு.