பிஎச்பிய பாத்துக்குறவங்களுக்கு, ரெண்டு மாப்பிள்ளை விஷயமா ஒரு மடல்

வெப்சைட்டுக்கு கோடு எழுதுற மொழியான பிஎச்பியோட டெவலப்பர்களுக்கும், அதுக்கு மேனுவல் எழுதுறவங்களுக்கும் வணக்கம்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒண்ணுக்கு நான்தான் வெப்சைட் பாத்துக்குறேன். பொண்ணு வீட்டுக்கு அடிச்ச அதே மேட்டர்தான் மாப்பிள்ளை வீட்டுக்கும், மணமகள்னு இருக்கிற எடத்துல மணமகன், மணமகன்னு இருக்கிற எடத்துல மணமகள் வந்தா போதும், இது ஒரு வேலையான்னு, டெக்ஸ்ட்ல ஒரு வார்த்தைக்குப் பதிலா வேற வார்த்தை போடுற எஸ்டிஆர்_ரீப்ளேஸ் (str_replace) ஃபங்ஷனுக்கு, தேடுறது ஒண்ணு, மாத்துறது ஒண்ணுன்னு ரெண்டு அர்ரே, அதாவது பட்டியல், குடுத்து ஓட்டிட்டேன். ப்ரூஃப்ல பாத்தா மேலயும் மணமகன், கீழயும் மணமகன். பொண்ணையே காணோம்!

என்ன நடந்துச்சுன்னா, உங்க ஃபங்ஷன் ரெண்டையும் ஒரே மூச்சுல மாத்தறதில்ல. முதல் ஜோடிய எடுத்து மணமகன் எல்லாத்தையும் மணமகள் ஆக்குது, அப்புறம் ரெண்டாவது ஜோடி வந்து இப்ப மாறுனது, ஏற்கனவே இருந்ததுன்னு பாக்காம மொத்தத்தையும் மணமகன் ஆக்கிடுது. மேனுவல்ல போட்டிருக்கீங்க, ஒத்துக்குறேன். ஆனா கீழ போட்டிருக்கீங்க, அவசரத்துல வர்றவன் முதல் உதாரணத்த காப்பி பண்ணிட்டு போயிடுவான், நானும் அதத்தான் பண்ணேன்.

இதுக்கு சரியான ஆளு உங்களோட இன்னொரு ஃபங்ஷன் எஸ்டிஆர்டிஆர் (strtr). அதுக்கு ஒரே அர்ரேயா குடுத்தா ஒருதடவ மாத்துனத திரும்பத் தொடாது, நீளமான வார்த்தையத்தான் முதல்ல தேடும், தங்கமான ஃபங்ஷன். ஆனா இந்தப் பேர வச்சு யாருக்குங்க அது ஞாபகம் வரும்? எஸ்டிஆர்_ரீப்ளேஸ்ல டெக்ஸ்ட் கடைசில குடுக்கணும், இதுல முதல்ல குடுக்கணும், அது வேற.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. அதே எஸ்டிஆர்டிஆருக்கு அர்ரே இல்லாம டெக்ஸ்ட், ன, ண-ன்னு மூணா குடுத்துப் பாத்தேன். ன எல்லாம் ண ஆச்சு, கூடவே பக்கத்தோட அடியில இருந்த © குறி £ ஆயிடுச்சு! காப்பிரைட் போயி பவுண்டு வந்துடுச்சு. எழுத்த கம்ப்யூட்டர் பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில ன, ண ரெண்டும் ஆளுக்கு 3 பைட், ன-வுக்கும் ண-வுக்கும் கடைசி பைட் மட்டும்தான் வேற, ©-க்கும் £-க்கும் கடைசில இருக்கிறதும் அச்சு அசலா அதே ரெண்டு பைட். மூணா குடுத்தா நீங்க எழுத்த பாக்கறதில்ல, பைட்டத்தான் பாக்கறீங்க. இங்கிலீஷ்ல மட்டும் டைப் பண்றவனுக்கு இது ஜென்மத்துக்கும் தெரியாது.

2020ல பிஎச்பி 8.0 வந்தப்ப, டெக்ஸ்டுக்குள்ள ஒரு வார்த்தை இருக்கான்னு பாக்க எஸ்டிஆர்_கன்டெயின்ஸ்னு (str_contains) ஒண்ணு குடுத்தீங்க, பேர படிச்சாலே என்ன பண்ணும்னு தெரியுது. அதே மாதிரி இந்த அர்ரே வேலைக்கும் புரியிற பேர்ல தனி ஃபங்ஷன் ஒண்ணு குடுங்க. பழசத் தூக்கச் சொல்லல, தூக்கினா என்னோட கோடே பாதி உக்காந்துடும். அதுவரைக்கும் எஸ்டிஆர்_ரீப்ளேஸ் பக்கத்துல அந்த எச்சரிக்கைய முதல் உதாரணத்துக்கு மேல ஏத்தி வச்சா போதும்.