குறும்பி இருக்கும்போது 'காது மெழுகு' எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மருத்துவப் பக்கத்தில் காது அடைப்பு பற்றி வந்த கட்டுரை நல்ல கட்டுரை. பட்ஸ் விட்டுக் குடைந்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கட்டுரை முழுக்க 'காது மெழுகு' என்றே இருந்தது. ஏங்க, குறும்பி என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறதே! என் அம்மா இன்றைக்கும் குறும்பி என்றுதான் சொல்வார். ஆங்கிலத்தில் வேக்ஸ் என்று பார்த்தவுடன் கை தானாக மெழுகு என்று எழுதிவிடுகிறது, அதுதான் பிரச்சினை.

'மெழுகு முத்திரை' என்று செய்திகளில் வருவதும் அப்படித்தான். அது அரக்கு. மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி சுரக்கிற பிசின். தேனீயின் வயிற்றுப் பக்கம் சுரக்கும் மெழுகு வேறு, இது வேறு. பார்சல் முடிச்சின் மேல் சிவப்பாக உருக்கி விட்டு, ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்துவார்களே, அதை அரக்கு என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

சரி, மெழுகு என்ற சொல்லுக்கு என்ன வேலை என்றால், அதற்கு நிறையவே இருக்கிறது. சாணம் கரைத்துத் தரையை மெழுகுகிறோம், தப்பை மறைத்துப் பேசினால் பூசி மெழுகாதே என்கிறோம். சித்த மருத்துவத்தில் இடிவல்லாதி மெழுகு என்றால் தேன்மெழுகு சேர்த்த மருந்து என்று அர்த்தமில்லை, சேராங்கொட்டையோடு மற்ற சரக்குகளையும் போட்டு இடித்து இடித்து மெழுகுப் பதத்துக்குக் கொண்டுவருவது.

சுவாமிமலைச் சிலைப் பட்டறை ஒன்றில் வேலை நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கி, கை சூட்டிலேயே பிசைந்து நடராஜரின் விரல் வரைக்கும் மெழுகிலேயே செய்துவிடுகிறார்கள், நடுவில் இளகிப் போனால் தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். அப்புறம் காவிரி வண்டல் மண்ணை முதலில் மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, மேலே மேலே மண் அப்பி, கம்பி கட்டி, நெருப்பில் காட்டினால் மெழுகு உருகி ஓட்டை வழியாக ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில்தான் உலோகத்தை வார்க்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுச் செய்த மெழுகு உருவம் ஒரு சிலைக்கு மேல் உதவாது.

இப்படிப்பட்ட சொல்லைக் காதுக்குள் போய்த் திணிக்க வேண்டாம். இணையப் பதிப்பில் அந்தக் கட்டுரை இன்னும் இருக்கிறது, அதிலாவது குறும்பி என்று மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்