விழுந்தீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் எங்கள் வீட்டுக்கும் வந்து, 74 வயதான என் தாயாருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, அதற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளைத் தருகிறார். அந்த வருகையை நன்றியோடு நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலை, பின்கட்டுக் கழிவறைக்கு அவசரமாக எழுந்து போன தாயார் நிலைப்படியருகே சாய்ந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அவர் இருமுறை விழுந்திருந்தது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சொன்னால் கோயிலுக்குத் தனியாக அனுப்ப மாட்டோம், அடுப்படிக்குள் விட மாட்டோம் என்று அஞ்சி மறைத்திருக்கிறார். பிள்ளைகளாகிய நாங்களும் கேட்கவில்லை. அவர் மருந்து வாங்கிய இடங்களிலும் எவரும் கேட்கவில்லை.

ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு அதிகம் என்பதால், கேட்கப்படாத அந்த ஒரு கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் விழுகிறார். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாக மெலிவதால், ஆணுக்குச் சிராய்ப்போடு போகும் விழுகை பெண்ணுக்கு எலும்பு முறிவில் முடிந்துவிடக்கூடும்.

‘வயதானால் விழத்தான் செய்வார்கள்’ என்பது பொதுப்பேச்சு. ஆனால் காரணங்களில் பல, தேடினால் அகப்படுபவை. படுத்திருந்தோ உட்கார்ந்தோ எழுந்த மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளியோ அதற்கு மேலோ சரிந்தால் தலை கிறுகிறுத்துக் கால் தள்ளாடும். அழுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும் இதைக் கூட்டக்கூடும். உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் இந்தச் சரிவு தெரியவே தெரியாது. நாட்பட்ட சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போகிறது. இரவில் சர்க்கரை தாழ்ந்தாலும் தடுமாற்றம் வரும். கண்புரை, தொடைத் தசையின் தளர்ச்சி, தேய்ந்த ரப்பர் செருப்பு, பாசி படிந்த கிணற்றடி ஆகியவையும் உண்டு. சிறுநீரை அடக்க முடியாத அவசரம் தனியே சொல்லத் தக்கது, ஏனெனில் அந்தத் தொல்லையை நம் தாய்மார்கள் மருத்துவரிடம்கூடச் சொல்லக் கூசுகிறார்கள்.

ஆகவே, ஏற்கெனவே படியேறி வரும் தன்னார்வலரிடமே சிலவற்றை ஒப்படைக்க வேண்டுகிறேன். கடந்த ஓராண்டில் விழுந்தாரா, நடக்கையில் தள்ளாடுகிறாரா, விழுவோமோ என்று அஞ்சுகிறாரா என அவர் கேட்கட்டும். மகனும் மருமகளும் அருகில் இல்லாதபோது கேட்பது நல்லது. அழுத்தத்தை நின்ற நிலையிலும் ஒருமுறை பார்க்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆகிறவரைத் திட்டத்திலுள்ள இயன்முறை மருத்துவரிடம் அனுப்பட்டும். கால் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகள் விழுகைகளை நான்கில் ஒரு பங்களவுக்குக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதால், அழுத்தம் சரிபவர்களின் மருந்தை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மறுபடி பார்த்துத் தருவதற்கும், இதற்காக நீங்கள் பிறப்பிக்கும் ஆணையில் இடம் வேண்டும்.

என் தாயார் இப்போது நடைச்சட்டம் பிடித்து வாசல் வரை வருகிறார். தன்னார்வலர் அடுத்த மாதம் வரும்போது, முந்தைய இரு விழுகைகளையும் அவரிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைக் குறித்துக்கொள்ள அவருடைய பதிவேட்டில் ஓர் இடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு மகள்